ஒரு சதவீதம்

கரண்ட் போனதும் ரெங்கராஜின் ஆக்ஸிஜன் மெஷின் ஒருமுறை கத்திவிட்டுத் தொடர்ந்து ஓடியது. பேட்டரி ஒரு சதவீதம் என்று திரை காட்டியது. மனைவி பிரகதீஸ்வரி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு ஆட்டோவில் ஏறினாள்.

"அண்ணே, வெரசாப் போங்க. புதுக்கோட்டை வரைக்கும் சார்ஜ் நிக்காது."

கீரமங்கலம் தாண்டி, ஆலங்குடியும் தாண்டியாயிற்று. திரையில் அந்த ஒரு சதவீதம் அப்படியே நின்றது. அவள் கும்பிடாத சாமியில்லை.

வீட்டிலிருந்து நாத்தனார் லட்சுமி போன் செய்தாள். "அண்ணி, பேட்டரிய சார்ஜருலயே விட்டுட்டுப் போயிட்டீங்களே! அண்ணனுக்கு மூச்சு வருதா?"

பிரகதீஸ்வரி மெஷினின் அடியைத் தடவினாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரெங்கராஜுக்கு வேறு ஆக்ஸிஜன் மாட்டிவிட்டு, நர்ஸ் மெஷினை அணைக்கப் போனாள். பிரகதீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அத அணைச்சிராதீங்க."