வண்டிக்குப் பங்கு

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், என்றைக்கும் கைவிடாது என்று சொல்லித்தான் தரகர் அந்தப் பழைய வெளிநாட்டுச் சொகுசு வண்டியை ததேயுவுக்கு விற்றார். தோல் இருக்கைகளில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் பருத்த இரும்புக் கொக்கி. அதில் வடத்தை மாட்டினால் போதும், அவனுடைய வள்ளம் கடலிலிருந்து மணல்மேட்டுக்கு வந்துவிடும். அதுவரை வள்ளம் கரை தட்டியதும் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து வந்து தோள்கொடுப்பார்கள். வடத்தின் முதல் பிடி எப்போதும் பக்கத்து வீட்டு சூசைமுத்துவுடையது. தோள்கொடுத்த எல்லோருக்கும் கறிக்கு மீன் பங்கு கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். வண்டி வந்தபிறகு ததேயு யாரையும் கூப்பிடவில்லை.

ஆடி மாதத்து அலையில் ஒரு காலை வள்ளத்தை இழுக்க இறங்கிய வண்டி ஈரமணலில் அச்சுவரை புதைந்தது. முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. தண்ணீர் கதவைத் தொட்டபோது அவன் கரையைத் திரும்பிப் பார்த்தான். கூப்பிடாமலே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றினார்கள்.

ததேயு வள்ளத்திலிருந்து இரண்டு கை நிறையச் சாளை மீனை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

“சூசைண்ணே, கறிக்கு...”

சூசைமுத்து கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

“வள்ளத்துக்குத்தான் மக்கா பங்கு. வழியில போறவன் வண்டி மாட்டிக்கிட்டா தள்ளிவிடுவோம். அதுக்கு யாராவது மீனு வாங்குவாங்களா?”

மற்றவர்களும் கையைத் தட்டிக்கொண்டே அவனைக் கடந்து போனார்கள். அவனுக்குப் பின்னால் அந்த வண்டி நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது.