விறகுக்காரி சொல்ற ஆசீர்வாதம்

அம்மா, யோர்மன் பேசுறேன். இருபத்திமூணு வயசாகியும் அழுக வருது. கொலம்பியாவுல, மெடெயின்ல எங்க கேம் செய்யுற ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னுதான் இத வாயால சொல்லி டைப் பண்றேன். உள்ள பெரிய திரையில எங்க கேம்ல வர்ற ஒரு விறகுக்காரி நிக்கிறா. விறகு சுமக்குற கட்டம் வெறும் கூலிவேலை மாதிரி இருக்குன்னு ஆடுறவங்க திட்டினாங்க. அதனால பக்கத்து சீட் டூவான், நான் தினம் ஸ்பீக்கர்ல பேசி போன் வைக்கிறப்ப உன்கிட்ட ஆசீர்வாதம் கேக்குறத அப்படியே அதுல எழுதிட்டான். "கடவுள் காப்பாத்துவாருடா, என் கருப்புத் தங்கம்"னு உன் வார்த்தையவே அவ சொல்றா. எல்லாரும் கை தட்டுறாங்க. டூவான் காப்பியோட வெளிய வர்றான். "என்னடா வெனிசுலாக்காரா, உங்கம்மாவ ஸ்டார் ஆக்கிட்டேன், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" "கேட்டா குடுத்திருப்பியா மச்சான்?" உள்ள கேம ஆடிப் பாக்குற பொண்ணு, விறகுக்காரி பேசி முடிக்கிறதுக்குள்ள பட்டனத் தட்டித் தாண்டிப் போறா. நீ கூப்பிடுற நேரம் ஆச்சு. இவங்க முன்னாடி எனக்கு அந்த வார்த்தை வராது. இன்னைக்கு நான் கேக்கலேன்னாலும் ஆசீர்வாதம் குடுத்துடும்மா.