பதினோரு போன்கள் எடுத்த முடிவு

தண்ணீரைச் சேமிப்பது பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று செண்பகவல்லி தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் கூட்டம் போட்டாள். பதினோரு வீட்டாரும் தங்களுக்குப் பதிலாகப் பேசும் போன்களை அனுப்பிவைத்தார்கள். அவை உரிமையாளர்களின் குரலிலேயே விவாதித்து, வீட்டுக்கு ஒரு நாளைக்கு நான்கு குடம் என்று முடிவெடுத்தன.

மறுநாள் நான்காவது குடத்தோடு குழாய் நின்றதும் மூன்றாம் மாடி ரெஜினா கைக்குழந்தையோடு வந்தாள்.

"பிள்ளையைக் குளிப்பாட்டணும்க்கா. யாரு இப்படி முடிவு பண்ணது?"

"உன் போன்தாம்மா முதல்ல சொல்லுச்சு."

ரெஜினா போனிடமே கேட்டாள்.

"போன வருஷம் நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்" என்றது அது, அவள் குரலில்.

போன வருஷம் குழந்தை பிறந்திருக்கவில்லை.

செண்பகவல்லி தன் வீட்டுக் குடமொன்றை எடுத்துக் கொடுத்தாள். முடிவை மாற்ற இன்னொரு கூட்டம் போடலாம். அதற்கு யாரைக் கூப்பிடுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.