ஜெர்மனியில் மணி ஒன்று

"பார்த்தியா, இன்னிக்கும் சாப்டுது!"

வீடியோ கால் முடிந்து திரை அணைந்ததுமே பஞ்சாட்சரம் பொரிந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவுக்கு அவர் மேனேஜர்.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஜெர்மனியிலிருந்து ஊட்டே என்கிற பெண்மணி வீடியோ காலில் வருவார். ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் ஆள். சாம்பிள் தைக்கும் மோகனா ஷூவைக் கேமரா முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். ஊட்டே சொல்லும் குறைகளை ஹெப்சி தமிழில் சொல்வாள்.

"ஆறேழு மாசமா ஒழுங்காத்தானே இருந்திச்சு? இந்த வாரம் இன்னா ஆச்சு அதுக்கு? திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு கையில பேப்பர், ஒரு கையில ரொட்டி!"

"பசி போல சார்" என்றாள் ஹெப்சி.

"பசின்னா சாப்ட்டு வரணும். அவங்க முதலாளிகிட்ட பேசும்போது இப்படி மெல்லுமா? நாமதானேன்னு இளக்காரம்."

மோகனா சிரித்துவிட்டாள். "நேத்து என் தையல் நல்லா இருக்குன்னு சொல்லும்போது வாய் நிறைய ரொட்டி சார்."

"சிரிக்காத. நான் பேஜார்ல இருக்கேன். ஹெப்சி, ஒரு மெயில் போடும்மா. மரியாதையாவே போடு. சாப்பாட்டை முடிச்சிட்டு வரச் சொல்லு."

ஹெப்சிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. "சாப்பிடும் நேரத்தில் தொந்தரவு செய்கிறோமோ? சாப்பிட்டுவிட்டே நிதானமாக வாருங்கள்" என்று மென்மையாக எழுதி அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. ஹெப்சி அதை மனசுக்குள் ஒருமுறை படித்தாள். அப்புறம் எழுந்து பஞ்சாட்சரத்தின் மேஜைக்கே போனாள். மோகனாவும் அங்கேதான் நின்றிருந்தாள்.

"இன்னாவாம்?"

ஹெப்சி தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கேமரா முன்னால் சாப்பிட்டதற்கு மன்னியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். குளிர்காலம் வந்தால் அப்படித்தான். உங்கள் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. நான் எப்போதும்போல மதியம் இரண்டு மணிக்கே அழைத்தால் உங்களுக்கு ஆறரை ஆகிவிடும்."

ஹெப்சி நிமிர்ந்தாள். "நமக்கு அதே அஞ்சரைதானே சார், நான் கவனிக்கவே இல்ல."

"மேல படி."

"கோடையில் ஒருநாள் பேச்சு நீண்டபோது மோகனா பாதியில் எழுந்து ஓடினார். அவர் ஊரான அணைக்கட்டுக்குப் போகும் ஆறு மணி கம்பெனி பஸ்ஸை விட்டால் வீட்டில் அவரை வேலைக்கே அனுப்ப மாட்டார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் என் நேரத்தை ஒரு மணிக்கு மாற்றிக்கொண்டேன். ஒன்றிலிருந்து ஒன்றரை வரை எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை. அது முடிந்ததும் வேறு வேலை வந்துவிடும். மார்ச் கடைசியில் கடிகாரத்தைப் பழையபடி மாற்றுவார்கள். அதுவரை கேமரா முன்னால் சாப்பிட மாட்டேன்."

மோகனா கையிலிருந்த ஷூவை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"எனக்காகவா அக்கா?"

ஹெப்சி தலையாட்டினாள்.

பஞ்சாட்சரம் விரல் விட்டு எண்ணினார்.

"மார்ச் வரைக்கும்னா அஞ்சு மாசம். அஞ்சு மாசம் அந்தம்மா மத்தியானம் பட்டினியா?"

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாம நாலரைக்கு வெச்சா அங்க மணி எவ்ளோம்மா?"

"பன்னெண்டு சார். ஆனா நாலரை நம்ம டீ டைம்."

"தெரியும். அரை மணி லேட்டா குடிச்சா செத்தா போயிடுவோம்? நாலரைக்கே வரச் சொல்லி எழுதும்மா. அந்தம்மா ஒரு மணிக்கு உக்காந்து நிம்மதியா சாப்டட்டும்."