மூடிக்குள் மழை

கொத்தனாரின் மூளையிலிருந்து எடுத்த சீழைத் தடவி, கிருமி வளர வைத்த தட்டு அது. மூடியைத் திறந்ததும் பரிசோதனைக்கூடப் பெண்ணின் மூக்கில் ஈர மண்வாசம் ஏறுகிறது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது. கொத்தனார் சாரத்திலிருந்து சேற்றில் விழுந்து மண்டை உடைந்தவர். தையல் பிரித்து, காயம் ஆறி, வேலைக்கும் போய்வந்தவர்; பிறகுதான் தலைக்குள் சீழ் கட்டியது. இதற்கு முன் வைத்த முதல் தட்டில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொட்டுகள் முளைத்தபோது, வெளியிலிருந்து விழுந்த தூசிதான் என்று குப்பையில் போட்டவள் இவளேதான். இந்த இரண்டாவது தட்டிலும் அதே பொட்டுகள்; தூசியல்ல, அன்று சேற்றிலிருந்து தலைக்குள் போன மண் கிருமி. கம்பியால் நெம்பினாலும் வேர்விட்டதுபோல் அசைய மறுக்கின்றன. கதவோரம் கொத்தனாரின் மனைவி தயங்கி நிற்கிறாள். "ரிசல்ட் வந்துடுச்சாங்க?" இவள் தட்டை மூடுகிறாள். "அவர் எப்படி இருக்காரும்மா?" "கண்ணே திறக்கலைங்க. வெளியே மழையான்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கார். மண்வாசம் வருதாம்."