பூந்திக்குத் தனித் தொட்டி

பழக்கடையில் கேட்டு வாங்கி வந்த தெர்மாகோல் பெட்டி. ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தும் ஒழுகவில்லை.

அவளுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாளியில் பிடித்து வைத்து குளோரின் வாடை போன தண்ணீரை ஊற்றினாள். பழைய காற்று மோட்டாரின் குழாயை உள்ளே விட்டாள். சுவிட்சைப் போட்டதும் குமிழ்கள் வந்தன.

பிறகு பூந்தியைக் கிண்ணத்தோடு சாய்த்து மெதுவாக இறக்கினாள்.

மகளின் தங்கமீன். உடம்பெல்லாம் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. பெரிய தொட்டியிலேயே விட்டால் மற்ற மீன்களுக்கும் தொற்றிவிடும்.

மகள் சஹானா அப்பாவின் துணையோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அடுத்த வாரம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, "பூந்தியப் பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னும் உப்புதான் பாக்கி. கல் உப்பைச் சொம்பில் கரைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள். கணவரின் அக்கா. வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக வந்திருந்தவள்.

"அத எதுக்குப் புடிச்சு வெக்கிற? வீட்டுக்கு வர்ற கண்டத்த மீனுதாம்மா வாங்கிக்கும். போறேங்குது, போவட்டும் விடு. நம்ம புள்ள பொழைக்கட்டும்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குக்கர் கத்திக்கொண்டிருந்தது.

போன வருஷம் எதிர் வீட்டில் வாஸ்து மீன் செத்ததும், கண்டம் கழிந்தது என்று கேசரி கொடுத்தார்கள். கேசரியையும் தின்றுவிட்டு அவர்களைக் கேலியும் செய்தவள்தான் சஹானாவின் அம்மா.

இப்போது சிரிப்பு வரவில்லை.

உப்பை ஊற்றினால் மீன் பிழைக்கும்.

பிழைத்துவிட்டால்?

சொம்பைக் கீழே வைத்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சுவிட்சை அணைத்தாள்.

குமிழ்கள் நின்றன.

கொஞ்ச நேரத்தில் பூந்தி மேலே வந்தது. நீர்ப்பரப்பில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடியது.

மாடிப்படி ஏறினால் சஹானாவும் இப்படித்தான் நிற்பாள். வாயைத் திறந்துகொண்டு, ஒன்றும் பேச முடியாமல்.

பதறிப்போய் சுவிட்சைப் போட்டாள். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது. மறுபடி கரைத்து ஊற்றினாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பெட்டியின் மூடியைத் திறக்கவே பயமாக இருந்தது. செத்திருக்குமோ என்று ஒரு பயம். செத்திருக்காதோ என்று இன்னொரு பயம். எது பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

புள்ளிகள் உதிரத் தொடங்கின.

அண்ணி பெட்டி இருந்த பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், போட்ட இரையைப் பூந்தி லபக்கென்று விழுங்கியது. வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் கேட்டது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பூந்திக்கு மறுபடி இரை போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சஹானாவின் புறங்கையில் ஊசியைச் செருகி டேப் ஒட்டியிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"பூந்தி சாப்டுச்சாம்மா?"

அவள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். பாதம் சில்லென்று இருந்தது.

"பூந்தி செத்துப் போச்சுடா."

சஹானாவின் முகம் கோணியது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விம்மினாள்.

அவள் மகளைத் தேற்றவில்லை. தலையை நிமிர்த்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கூரையைப் பார்த்து இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள்.

"செத்துப் போச்சு."