இரண்டு மூடி டீ

அன்று மாலை வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் தம்பி, தம்பி மனைவி, வெளியூரிலிருந்து வந்திருந்த என் தங்கை. நான் மூத்தவன், தங்கை நடு, தம்பி கடைசி.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். தண்ணீர், பால், மருந்து எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிதான் உள்ளே போகலாம். டாக்டர் கட்டளை.

"பெரிய கணக்கு! இன்னிக்கு நான் டீ போடறேன், எப்படித் தெம்பா எழுந்து உக்கார்றான் பாரு" என்று தங்கை சமையலறைக்குள் போனாள்.

இஞ்சியை நசுக்கினாள். ஒரு துண்டு பட்டை, நாலு ஏலக்காய், ஆறு கிராம்பு. கொதித்ததும் புதினாவைக் கிள்ளிப் போட்டு மூடினாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான்.

நான்கு டம்ளர், ஒவ்வொன்றும் நூற்றைம்பது மில்லி.

"இந்தாடா கண்ணு, உனக்குத்தான் முதல் டம்ளர்."

அது அவன் கைக்குப் போகும் முன் தம்பி மனைவி வாங்கி மேஜையில் வைத்தாள்.

"எழுநூத்தி அறுபது முடிஞ்சுது அண்ணி. ராத்திரி மாத்திரைக்கு இருபது வேணும். மீதி இருபதுதான்."

இருமல் மருந்து பாட்டிலின் மூடியை எடுத்தாள். பத்து மில்லி பிடிக்கும். அதில் இரண்டு முறை ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏம்மா, நான் போட்டது டீயா, இருமல் மருந்தா?" என்றாள் தங்கை.

தம்பி குடித்துவிட்டு மூடியை நக்கினான்.

"இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"கிடையாது."

"ஒரு மூடியில செத்தா போயிடுவேன்?"

"போன மாசம் குளியலறைக்குள்ள போய்த் திருட்டுத்தனமா ரெண்டு டம்ளர் குடிச்சீங்க. மூச்சு முட்டி மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தீங்க. மறந்துபோச்சா?"

அவள் குரலில் ஈரமே இல்லை.

"அண்ணா, நீங்களும் இதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்று தங்கை என் பக்கம் திரும்பினாள்.

நான் தரையைப் பார்த்தேன். எனக்குச் சண்டை போட வராது. உண்மையைச் சொன்னால், எனக்கும் தம்பி மனைவி மேல் வருத்தம்தான். அவன் வாய் கொப்பளித்தால்கூடப் பக்கத்தில் நின்று, துப்பினானா என்று பார்க்கிறவள் அவள்.

"தம்பி, காலைல என்னோட கெளம்பு. என் வீட்டுல யாரும் மூடி கணக்குப் பாக்க மாட்டாங்க" என்றாள் தங்கை.

"வரேன் அக்கா" என்றான் தம்பி. மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம் அண்ணி. அங்க வந்தா ஒரு வாரம் தாங்க மாட்டார். அவர் கெஞ்சினா நீங்க பாசத்துல குடுத்துடுவீங்க."

"ஆமா, எனக்குப் பாசம் இருக்கு. உனக்கு இருக்கா?" தங்கை ஒரு டம்ளரை எடுத்து அவள் முன் நங்கென்று வைத்தாள். "இந்தா, உன் பங்கு. உனக்குத்தான் எந்தத் தடையும் இல்லையே. அவன் கண்ணு முன்னாடி மடக் மடக்குன்னு குடி. பாத்துட்டு என்னோட வரட்டும்."

"எனக்கு வேண்டாம் அண்ணி."

"ஏன், விஷமா கலந்திருக்கேன்? இப்ப நீ குடிச்சுத்தான் ஆகணும்."

தம்பி மனைவி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே மூடியை எடுத்தாள். டம்ளரிலிருந்து அதில் ஊற்றிக் குடித்தாள். இன்னொரு மூடி ஊற்றினாள். அதையும் குடித்தாள். டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"என்ன, நக்கலா?" என்று தங்கை எகிறினாள்.

"இல்ல அண்ணி. எனக்கும் இன்னிக்கு இவ்வளவுதான் பாக்கி. அவர் எவ்வளவோ, அவ்வளவுதான் நானும்."

தங்கைக்கும் எனக்கும் விளங்கவில்லை. தம்பிக்கு விளங்கிவிட்டது. மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"எப்பலேருந்து?"

"நீங்க தண்ணி கேட்டு அழுதீங்களே, அந்த மொத வாரத்துலேருந்து." அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "தாகம்னா என்னன்னு தெரியாம உங்களைத் திட்ட எனக்கு வாய் வரல."

அப்போதுதான் அவள் உதட்டைப் பார்த்தேன். தம்பியின் உதட்டைப் போலவே வெடித்திருந்தது. அவனுக்கு எத்தனை மில்லி ஆயிற்று என்று தினமும் மனதுக்குள் கூட்டுகிறவன் நான். அவள் எவ்வளவு குடித்தாள் என்று ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

"பைத்தியமே" என்றான் தம்பி. "உனக்கென்ன வியாதியா? அந்த டம்ளரை முழுசாக் குடி. நீ குடிச்சாத்தான் நான் இங்க இருப்பேன். இல்லேன்னா காலைல அக்காவோட போயிடுவேன்."

அவள் குடித்தாள். அழுதுகொண்டே, நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரை. ஒவ்வொரு மிடறும் தன் தொண்டையில் இறங்குவதுபோல அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கை தன் டம்ளரைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

போட்டது அறுநூறு மில்லி. அவன் இருபது, அவள் நூற்றைம்பது. மீதி நானூற்று முப்பது.